பக்கவாட்டுக் குழி, காட்டவில்லை

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பெயரை நான் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் எழுதியிருக்கிறேன். அந்த ஒரு தடவை எழுதியதே அவருக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது.

எங்கள் வீதியில் அவரைக் கொசுக்காரம்மா என்போம். வீடு வீடாக வந்து, தேக்கி வைத்த தண்ணீரில் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. மாநகராட்சி ஒப்பந்தக்காரர் மூலம் எடுத்த ஆள், நிரந்தரம் கிடையாது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்குள் எங்கள் வீதிக்கு வந்துவிடுவார். நாற்பத்தைந்து வயது இருக்கும். புடவைக்கு மேல் ஒரு காக்கிச் சட்டை, தோளில் துணிப்பை. பைக்குள் டார்ச் லைட், டீ வடிகட்டி, வெள்ளைக் கிண்ணம், மருந்து பாட்டில், பழைய வேட்டியில் கிழித்த ஒரு துணி. இப்போது 'அவர்', 'வருவார்' என்று மரியாதையாக எழுதுகிறேன். அப்போது என் மனைவியைத் தவிர எங்கள் வீதியில் யாரும் அப்படிச் சொன்னதில்லை, நானும்தான்.

கோயமுத்தூரில் எங்கள் பக்கம் குழாயில் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒரு தரம் வரும். சில சமயம் பத்து நாளும் ஆகும். வருகிற அன்று தொட்டி, டிரம், அண்டா, குடம், கடைசியில் சோற்றுக் குண்டான் வரை நிரப்பி வைப்போம். கொசுவுக்கு வேறென்ன வேண்டும்? புழுவைக் கண்டால் தண்ணீரைக் கவிழ்த்துவிடு என்பதுதான் மேலிடத்து உத்தரவு. இவருக்கு முன்னால் வந்த ஆள் அப்படித்தான் செய்வார். டிரம்மைச் சாய்த்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார். வீதிப் பெண்கள் மண்ணை வாரித் தூற்றாத குறை.

இவர் கவிழ்க்கமாட்டார். அண்டாவின் வாயில் அந்த வேட்டித் துணியைக் கட்டி, டிரம் தண்ணீரை மொண்டு மொண்டு வடிகட்டுவார். பிறகு காலி டிரம்முக்குள் தலையை விட்டுத் தேங்காய் நாரால் சுற்றிலும் தேய்ப்பார். "தண்ணிய மாத்துனா மட்டும் பத்தாதுங்க அக்கா, முட்டை பூரா சொவத்துல ஒட்டிக்கிட்டிருக்குமுங்க. காஞ்சாலும் சாவாது" என்று டிரம்முக்குள்ளிருந்தே என் மனைவியிடம் பேசுவார். துணியில் தங்கிய புழுக்களைச் சாக்கடையில் உதறமாட்டார். வெயில் காய்ந்த சிமென்ட் தரையில் தட்டிவிட்டு, அவை நெளிவது நிற்கும்வரை குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"இப்படியே உக்காந்திருந்தா மத்த வீட்டுக்கெல்லாம் எப்பப் போவே?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"செத்துப்போச்சான்னு பாத்துப்போட்டுத்தானுங்க சார் போவோணும்" என்றார்.

அவர் குணமே அதுதான். கண்ணால் பார்க்காத எதையும் சொல்லமாட்டார், எழுதவும் மாட்டார். ஒவ்வொரு வீட்டிலும் கதவுக்குப் பின்னால் ஓர் அட்டை ஒட்டியிருந்தது. அதில் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். மற்ற வீதிகளில் கேட்டுக்கு வெளியிலேயே நின்று நாலு வாரத்துக்கும் சேர்த்துப் போட்டுவிட்டுப் போவார்கள் என்று கேள்வி. எங்களுக்கும் அதுதான் வசதி. இவரோ கையெழுத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் குறிப்பு வேறு எழுதுவார். 'மாடித் தொட்டி, பூட்டு, பார்க்கவில்லை.' 'ஃபிரிட்ஜ் பின்தட்டு, பார்க்கவில்லை.' மூலை வீட்டில் மொட்டை மாடிச் சாவி தொலைந்துவிட்டது என்று மூன்று வாரம் சொன்னார்கள். நாலாவது வாரம் எங்கிருந்தோ ஏணி வாங்கி வந்து வெளிச்சுவரில் சாத்தி ஏறிவிட்டார். மேலே, மூடி உடைந்த தொட்டிக்குள் ஒரு காக்கை செத்து மிதந்துகொண்டிருந்தது. அந்தத் தண்ணீரில்தான் அந்த வீட்டார் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வீட்டுக்காரரே சொல்லிச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டதால்தான் எங்களுக்குத் தெரியும்.

எல்லா வீட்டுச் சமையலறைக்குள்ளும் போகிறவர் என்பதால் அவரிடம் ஊர் நாயம் கேட்கப் பெண்களுக்கு ஆசை. அந்த வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு போய்விட்டாளாமே, இந்த வீட்டில் புதுக் கட்டில் வாங்கினார்களாமே என்று வாயைக் கிளறுவார்கள். "நான் தண்ணி இருக்கற எடம் மட்டும்தானுங்க பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த டிரம்முக்குப் போய்விடுவார். அவருக்குத் தாராபுரம் பக்கம் ஊர். அதற்கு மேல் என் மனைவி கறந்த விஷயம் ஒன்றே ஒன்றுதான்.

"உங்க ஊட்டுக்காரர் இருக்கறாருங்களா?"

"இருக்கறாருன்னு சொல்றாங்கக்கா. திருப்பூர்ல பாத்ததாச் சொல்றாங்க. நான் பாத்து நாலு வருசமாச்சு."

என் மனைவி அன்று அவருக்கு மோர் கொடுத்தாள். நான் உள்ளே உட்கார்ந்து சிரித்தேன். புருஷன் விஷயத்திலும் அட்டையில் எழுதுகிற மாதிரியே பேசுகிறதே இந்த அம்மா என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது.

இனி என்னைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். மனு எழுதுவதில் எனக்குச் சமமாக இந்த வட்டாரத்திலேயே ஆள் கிடையாது என்று எனக்கு நினைப்பு. அதனால் வீதிக்காரர்கள் என்னைக் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் ஆக்கியிருந்தார்கள். நான் எழுதிய முதல் தீர்மானமே, குடிநீர்க் குழாயில் யாரும் மோட்டார் வைத்து உறிஞ்சக்கூடாது என்பதுதான். மோட்டார் வைத்தால் அந்த வீட்டுக்கு மட்டும் தண்ணீர் கொட்டும், மேட்டு வீடுகளில் குழாய் காற்றைத்தான் விடும். அது சட்டப்படியும் குற்றம். பிடித்தால் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். தீர்மானத்தைக் கூட்டத்தில் நானே எழுந்து நின்று வாசித்தேன், எல்லோரும் கை தட்டினார்கள்.

தீர்மானம் போட்ட மூன்றாவது மாதம், பிளம்பரைக் கூப்பிட்டு நானே மோட்டார் வைத்தேன்.

வீட்டுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து. குழாய் உள்ளே வருகிற இடத்தில் இடுப்பளவுக்குக் குழி வெட்டி, அதில் செங்கல் திட்டு கட்டி மோட்டாரை வைத்து, மேலே கடப்பாக் கல்லைப் போட்டு மூடி, கல்லின் மேல் இரண்டு குரோட்டன்ஸ் தொட்டிகளையும் வைத்துவிட்டேன். பார்க்க லட்சணமாக இருந்தது. மோட்டார் இணைப்பில் தண்ணீர் கசிந்து குழிக்குள் சேர்ந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியும். சரி செய்ய வேண்டுமென்றால் பிளம்பர் மறுபடி வரவேண்டும், நாலு பேர் பார்ப்பார்கள். அப்படியே விட்டுவிட்டேன்.

குரோட்டன்ஸ் தொட்டி வைத்த அடுத்த வியாழக்கிழமையே அவர் சந்தில் நின்றுவிட்டார்.

"ஏனுங்க சார், இந்தக் கல்லுக்கு அடியில என்னுங்க?"

"ஒண்ணுமில்ல. பைப் வர்ற குழி."

"சித்தத் தொறந்து காட்டுங்க."

"ரெண்டு ஆள் இல்லாம அதை நகத்த முடியாதும்மா. எனக்கு இடுப்பு வலி வேற."

மறு வாரமும் கேட்டார். தொட்டிகளை நகர்த்திவிட்டுத் தானே கல்லில் கை வைத்தார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "ஏம்மா, அடுத்தவங்க வீட்டை நோண்டறதே உனக்குப் பொழப்பாப் போச்சா?" என்று வீதிக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்.

அவர் கையை எடுத்துக்கொண்டார். "ஆமாங்க சார், அதுதானுங்க எம் பொழப்பு" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னார். பிறகு கதவுக்குப் பின்னால் போய் அட்டையில் எழுதினார். 'பக்கவாட்டுக் குழி, காட்டவில்லை.'

ஏழு வாரம் அப்படி எழுதினார். என் மனைவி ஒரு நாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வாசித்தாள். "ஏனுங்க, காட்டவில்லை காட்டவில்லைன்னு ஏழு தரம் எழுதியிருக்குதுங்க. அந்தக் கெரகத்த எடுத்துப்போட்டா என்னுங்க? அவியகிட்டப் போய் ஒளிச்சு வெச்சுக்கிட்டு" என்றாள். நான் செய்தித்தாளைப் பெரிதாக விரித்துக்கொண்டேன்.

ஐப்பசி மழையில் பக்கத்து வீட்டு வேன்காரருக்குக் காய்ச்சல் வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போகிறவர், ஆள் திடகாத்திரம். மூன்று நாள் நிலவேம்புக் கஷாயம் குடித்துப் பார்த்தார். நாலாம் நாள் எழுந்து நிற்க முடியாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டெங்கு. ரத்தத்தில் தட்டணுக்கள் சரசரவென்று இறங்குகின்றன என்று அவர் மனைவி காம்பவுண்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நாளைக்குக் காத்தால ஆபீசர் வந்து சுத்துப்பட்டு ஊடு பூராப் பாக்கறாங்களாமுங்க" என்றும் சொன்னாள். அவள் அழுதது என் காதில் பாதிதான் விழுந்தது. ஆபீசர் வருகிறார் என்பது முழுதாக விழுந்தது.

மறுநாள் விடிந்ததும் கடப்பாரையை எடுத்தேன். இரண்டு ஆள் வேண்டும் என்று ஏழு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்த கல்லை நான் ஒருவனே நெம்பித் தள்ளினேன். இடுப்பு வலிக்கவில்லை.

குழிக்குள் முழங்கால் அளவு தண்ணீர். தெளிந்த தண்ணீர்தான். டார்ச் அடித்தேன். சீரகத்தைக் கொட்டின மாதிரி மேலே மொய்த்துக் கிடந்த புழுக்கள், வெளிச்சம் பட்டதும் நெளிந்து நெளிந்து அடிக்குப் போயின. சுவருக்கு அந்தப் பக்கம், பத்தடி தூரத்தில், வேன்காரர் தினமும் கட்டில் போட்டு மத்தியானத் தூக்கம் தூங்குகிற இடம். அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டும் வேலையைத் தொடர்ந்தேன். மோட்டாரைக் கழற்றி உள்ளே கட்டிலுக்கு அடியில் வைத்தேன். தண்ணீரை வாளி வாளியாகச் சாக்கடையில் ஊற்றினேன். குழியைத் துணியால் துடைத்து, இரண்டு சட்டி மணலைப் பரப்பினேன். என் மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வாளியைக்கூட அவள் தொடவில்லை.

கடைசியாக, கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்த அட்டையைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

ஆபீசர் பத்து மணிக்கு வந்தார். கூட நாலைந்து ஆட்கள், அவர்களோடு கொசுக்காரம்மாவும். என் சந்துக்கு வந்தபோது நானே முன்னால் போய்க் கல் நகர்ந்திருந்த குழியைக் காட்டினேன். "நல்லா வெச்சிருக்கீங்க சார்" என்றார் ஆபீசர். சுற்றுப்பட்டில் ஒரு வீட்டிலும் புழு கிடைக்கவில்லை. ஊரெல்லாம் காய்ச்சல், மேலிடத்துக்கு ஏதாவது பதில் சொல்லியாக வேண்டிய நெருக்கடி அவருக்கு. கொசுக்காரம்மாவின் பக்கம் திரும்பினார்.

"நீ வாரா வாரம் பாத்திருந்தா எப்படி வந்துச்சு?"

"வாரா வாரம் வந்தனுங்க சார். எல்லா அட்டையிலயும் எழுதியிருக்குதுங்க."

"அட்டையில மொத்தமா யாரு வேணும்னாலும் போட்டுக்கலாம். எனக்குத் தெரியாதா? இந்த வீட்டுல அட்டையவே காணோமே."

"மழையில நனைஞ்சு போச்சுங்க" என்றேன் நான்.

ஆபீசர் என்னைப் பார்த்தார். "நீங்கதானே சங்கச் செயலாளர்? நீங்க சொல்லுங்க சார். இவங்க ஒழுங்கா வர்றாங்களா?"

வருகிறார் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், பிறகு உங்கள் அட்டையில் என்ன எழுதினார் என்று கேட்பார்கள். கேள்விக்கு மேல் கேள்வி வரும், மோட்டார் வெளியே வரும். தீர்மானம் வாசித்துக் கைதட்டு வாங்கியவன் வீட்டிலேயே மோட்டார் என்று வீதி சிரிக்கும். நான் பயந்தது அந்தச் சிரிப்புக்குத்தான். வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது. எவ்வளவு யோசித்தாலும் இன்று வரை இதைவிட மரியாதையான காரணம் ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை.

"வருவாங்க. சில வாரம் வர்றதில்லீங்க" என்றேன்.

"எழுதிக் குடுத்திடுங்க சார்" என்றார் ஆபீசர்.

மேஜையில் உட்கார்ந்து வெள்ளைத்தாளை எடுத்தேன். 'ஐயா, எங்கள் வீதிக்குப் பொறுப்பான பணியாளர்' வரை வந்ததும் பேனா நின்றுவிட்டது. மூன்று வருடமாக என் வீட்டுக்குள் வந்து போகிறவருடைய பெயர் எனக்குத் தெரியாது. நிமிர்ந்து, "பேரென்னம்மா?" என்று அவரிடமே கேட்டேன். அவர் இனிஷியலோடு நிறுத்தி நிதானமாகச் சொன்னார். நான் எழுதினேன். 'முறையாக வருவதில்லை' என்று முடித்துக் கையெழுத்துப் போட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாகச் சந்தில் அந்த மணல் பரப்பிய குழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஏதாவது சொல்லிவிடுவதற்குள் தாளை மடித்து ஆபீசரிடம் நீட்டினேன். அடுத்த வாரமே, இனி வேலைக்கு வரவேண்டாம் என்று ஒப்பந்தக்காரர் அவரிடம் சொல்லிவிட்டாராம்.

வேன்காரர் எட்டு நாள் கழித்துப் பிழைத்து வந்தார், சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று தேடும்படி இளைத்துப்போய். அவர் மனைவி என்னைக் கும்பிட்டாள். "நீங்க ஒரு ஆளாவது எழுதிக் குடுத்தீங்களே சார்" என்றாள். சில நாளில் ரேஷன் கடை வரிசையில் அவள் கொசுக்காரம்மாவைப் பார்த்துவிட்டாள். "சம்பளம் வாங்கிப்போட்டு ஊட்ல படுத்துக்கிட்டிருந்தியா? எம் புருசன் செத்திருந்தா நீ வந்து கஞ்சி ஊத்துவியா?" என்று பிடித்துக்கொண்டாள். வரிசையில் நாலு பேருக்குப் பின்னால் நான் நின்றிருந்தேன். கொசுக்காரம்மா பையைச் சுருட்டிக்கொண்டு அரிசி வாங்காமலே போய்விட்டார். நான் என் முறை வரும்வரை நின்று சர்க்கரை வாங்கிக்கொண்டு வந்தேன். அந்தச் சர்க்கரையில் போட்ட காப்பியை என் மனைவி குடிக்கவில்லை. காரணம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவருக்குப் பதிலாக வந்தவர் கேட்டுக்கு வெளியிலேயே நின்று கையெழுத்துப் போட்டார். வீதிக்காரர்களுக்குப் பரம திருப்தி. நான் மோட்டாரைத் திரும்ப வைக்கவில்லை. இதை என் யோக்கியதைக்குச் சான்றாகச் சொல்லவில்லை. அந்தக் கல்லைத் தூக்க எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

இரண்டு வருடம் கழித்துப் பல்லடம் பக்கம் ஓர் உறவுக்காரர் கல்யாணம். மண்டபத்தில் கை கழுவப் போனேன். குழாயடியில் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில், சமையல்காரர்களோடு வந்த ஆளாக, அவர் நின்றுகொண்டிருந்தார். டிரம்முக்குள் குனிந்து பார்த்துவிட்டு மூடியைப் போட்டார். என்னைப் பார்த்ததும், "வாங்க சார், நல்லா இருக்கறீங்களா? அக்கா வல்லீங்களா?" என்றார்.

சுற்றி ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டுதான் பேசினேன், அதையும் மறைக்கவில்லை. "அந்தக் குழியில மோட்டார் வெச்சிருந்தேம்மா. புழு இருந்துச்சு. நெறைய இருந்துச்சு. அட்டையக் கிழிச்சதும் நாந்தான்" என்றேன்.

"தெரியுமுங்க சார்."

"இப்ப வேணும்னா எழுதித் தர்றேன். எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்."

"அந்த ஆபீசர் மாறிப் போயிட்டாருங்க. ஒப்பந்தக்காரரும் வேற ஆளு. நீங்க யாருகிட்டப் போயி சொல்லுவீங்க?"

எனக்குத் தாங்கவில்லை. "தெரியும்ங்கறே. அப்ப அன்னைக்கே ஆபீசர்கிட்ட ஏம்மா சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் வீட்டுக்குள்ளயே தேடியிருப்பாங்களே. மோட்டார் கட்டிலுக்கு அடியிலதான் இருந்துச்சு."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இவ்வளவு படித்தவன் இதைக்கூடவா கேட்பான் என்கிற பார்வை.

"நான் பாக்கலீங்களே சார். நீங்கதான் காட்டவே இல்லையே. பாக்காததை எப்படிங்க சொல்றது?"

உள்ளே பாய் விரிக்கிற சத்தம் கேட்டது. அவர் சொம்பில் தண்ணீர் மொண்டு என் கையில் ஊற்றினார். "அடுத்த பந்தி போடறாங்க, போயி உக்காருங்க. அப்பறம் எடம் கெடைக்காதுங்க" என்றார்.

போய் உட்கார்ந்தேன். வரிசையாகத் தண்ணீர் வைத்துக்கொண்டு அவரே வந்தார். என் இலைக்கு முன்னால் டம்ளரை வைத்து, "சாப்புடுங்க சார்" என்றார். நான் தலையை நிமிர்த்தவில்லை.